நான்காவது ட்யூப்

மீட்டர் எலுமிச்சை சாதத்துக்கு அடியில் இருந்தது. டிபன் கேரியரின் கடைசி அடுக்கில் பாலித்தீன் கவரில் சுற்றி வைத்து, மேலே வாழையிலைத் துண்டு போட்டு, அதன்மேல் சாதத்தைப் பரப்பியிருந்தாள் அக்கா. சேதராப்பட்டில் அவள் கம்பெனி வாசலில் வேலை முடிந்து போகிற பெண்களின் பைகளை எல்லாம் திறந்து பார்ப்பார்கள். சாப்பாட்டுக்குள் மட்டும் யாரும் கை விடுவதில்லை. அதற்காக அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு இது சூப்பர்வைசர் டிராயர்ல இருக்கணும்," என்றாள். "அதுக்குள்ள இது நெசம் சொல்லுதா பொய் சொல்லுதான்னு பாத்துச் சொல்லு."

"பொய் சொல்லுதுன்னா?"

"எனக்கு வேலை இருக்கு. நெசம் சொல்லுதுன்னா வெள்ளிக்கிழமையோட இல்ல."

அக்கா பெயர் கலைமகள். நாற்பத்தாறு வயது. ஊசி மருந்தைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைக்கிற கம்பெனியில் பதினோரு வருஷமாகக் குப்பி பார்க்கிறாள். ஜன்னல் இல்லாத அறை. ஆறு மேஜைகள். ஒவ்வொரு மேஜைக்கும் மேலே விளக்கு, எதிரே பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பலகை. குப்பியின் கழுத்தைப் பிடித்து லேசாகச் சுழற்றி, வெள்ளைக்கு எதிரே ஐந்து நொடி, கறுப்புக்கு எதிரே ஐந்து நொடி பார்க்க வேண்டும். கண்ணாடித் துகள், முடி, நூல் ஏதாவது மிதந்தால் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அவள் தவறவிட்டது போய் யாரோ ஒருவருடைய நரம்பில் ஏறும். வேலை அவ்வளவுதான்.

போன வாரம் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து மூன்று குப்பிகள் திரும்பி வந்தன. மூன்றிலும் கண்ணாடித் துகள். மூன்றும் நான்காம் மேஜையில் பாஸ் ஆனவை. நான்காம் மேஜை அக்காவுடையது.

"லைட்டு மங்கலா இருக்குன்னு பொங்கல்லேருந்து சொல்லிகினு இருக்கேன்," என்றாள். "சொல்றப்ப எல்லாம் இந்த மீட்டர எடுத்தாந்து மேஜைல வைப்பாங்க. ரெண்டாயிரத்து நூத்து நாப்பதுன்னு காட்டும். ரெண்டாயிரம் இருந்தா போதும்னு சட்டமாம். 'லைட்டு நல்லாத்தாம்மா இருக்கு, உன் கண்ணுதான் போயிடுச்சு'ம்பாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. இப்ப யாரும் சிரிக்கல."

நான் மீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் பிளாஸ்டிக் உடம்பு. சுருள் வயரின் நுனியில் ஒரு சின்னப் பெட்டி, அதன்மேல் பால் வெள்ளையில் பாதிக் கோலிக்குண்டு மாதிரி ஒரு மூடி. வெளிச்சம் அந்த மூடியில் விழுந்தால் திரையில் எண் வரும். எடை இல்லை. இந்த மீட்டரை நான் முன்பும் பார்த்திருந்தேன். அதை அக்காவிடம் அப்போது சொல்லவில்லை.

நான் எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் நான்கு வருஷம் நைட் ஷிப்ட் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். ஒரு நாள் போகப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு போகவே இல்லை. இப்போது காண்ட்ராக்டர்கள் கூப்பிட்டால் போவேன். ஜனவரியில் அப்படி ஒருத்தர் கூப்பிட்டார். அக்கா கம்பெனியில் பழைய ட்யூப்களைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் இல்லாத நாள். மேஜைக்கு நான்கு ட்யூப் மாட்டினேன். சூப்பர்வைசர் இந்த மஞ்சள் மீட்டரை வைத்துப் பார்த்தார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் காட்டியது. "ரொம்ப ஜாஸ்திப்பா. கண்ணு கூசும். கரண்டும் தண்டம். மேஜைக்கு ஒண்ணு கழட்டிடு," என்றார். நான் ஏணியில் ஏறி ஆறு மேஜையிலும் தலா ஒன்று கழற்றினேன். அதற்குப் பிறகு இரண்டாயிரத்துச் சொச்சம். அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். கழற்றிய ஆறு ட்யூப்களை, "நீயே வச்சுக்க," என்று காண்ட்ராக்டர் கொடுத்தார். அதில் ஒன்று என் சமையலறையில் எரிகிறது.

அக்கா போனதும் குளியலறைக்குள் போனேன். வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். சபரிமலைக்குக் கட்டிய கறுப்பு வேட்டிகள் மூன்று இருந்தன. அவற்றைச் சுவரில் தொங்கவிட்டேன், சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காமல் இருக்க. பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டினேன். டேப் வைத்து ஒரு மீட்டர் தூரம் அளந்து அந்த வெள்ளை மூடியை வைத்தேன். நூற்றுப் பத்து. பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தேன். வெளிச்சம் நான்கு மடங்காக வேண்டும், அது எந்த விளக்குக்கும் விதி. நானூற்று முப்பத்தொன்று. கிட்டத்தட்டச் சரி.

ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எடைக்கல்லில் பாதி குடைந்து எடுத்த கடைக்காரனின் தராசும் இரண்டு கிலோவை ஒரு கிலோவின் இரண்டு மடங்காகத்தான் காட்டும். யோக்கியமான இன்னொரு தராசு பக்கத்தில் வேண்டும்.

சாரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி சாந்த்ரின் இருக்கிறாள். சொல்தா வீட்டுப் பெண். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். கல்யாணத்துக்கு முன்னால் வெள்ளைக்காரத் தெருவில் மஞ்சள் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிற ஜோடிகளுக்கு விளக்கு வாடகைக்கு விடுவது அவள் தொழில். அவளிடம் நல்ல மீட்டர் ஒன்று உண்டு. அவள் அண்ணன் பிரான்சிலிருந்து வாங்கி வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை சென்னைக்கு அனுப்பி, சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கி வைப்பாள்.

"என்னா மிசே, கொழந்தைங்க வெளையாடற சாமான எல்லாம் எடுத்துகினு வர்ற?" என்றாள். ஆண்கள் எல்லாரும் அவளுக்கு மிசேதான்.

"லக்ஸ் மீட்டருங்க."

"வெல எவ்ளோ?"

"ஆயிரத்து நூத்தம்பது."

"என் மீட்டர வைக்கிற பையே அதவிட ஜாஸ்தி." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திவிட்டு, "யாருக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் குடோனில் ஷட்டரை இறக்கினாள். பகல் வெளியே நின்றுவிட்டது. குண்டு பல்பை ஸ்டாண்டில் மாட்டி, இரண்டு மீட்டரின் மூடிகளையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்தோம். மஞ்சள் மீட்டர் நானூற்று இருபத்தெட்டு. அவளுடையது நானூற்றுப் பதினைந்து. தூரத்தை மாற்றினோம். மறுபடியும் அதே கதை. நூற்றுக்கு மூன்று கூடுதல், அவ்வளவுதான்.

"ஆயிரம் ரூபாய்க்கு இது தங்கம்," என்றாள் சாந்த்ரின்.

நான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"மீட்டர் சரியாத்தான்க்கா காட்டுது."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து அடங்கியது.

"அப்ப என் கண்ணுதானா, தாசு?"

"அப்படித்தான் தெரியுது."

"சரி," என்றாள். வைத்துவிட்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது.

சாந்த்ரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றாள்.

"அங்க எரியறது குண்டு பல்பா?"

"இல்ல. எல்இடி. ஜனவரில மாத்துனது."

"அப்ப எதுக்குக் குண்டு பல்புல பாத்த? ஒருத்தன் வீட்ல யோக்கியனா இருக்கான்னா கடைலயும் அப்டியே இருப்பானா? அதே ட்யூபு கெடைக்குமா?"

"என் வீட்டுச் சமையல் ரூம்ல இருக்கு," என்றேன்.

வண்டியில் போய்க் கழற்றி எடுத்து வந்தேன். வழியில் எனக்கு விஷயம் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மெதுவாக ஓட்டினேன்.

ட்யூபை ஸ்டாண்டில் கட்டி எரியவிட்டோம். ஐந்து மாதமாக அதன் கீழேதான் சோறு பொங்குகிறேன். அன்றுதான் அது எவ்வளவு நீலம் என்று பார்த்தேன். சாந்த்ரினின் கை செத்த கை மாதிரி இருந்தது. மஞ்சள் மீட்டரை நகர்த்தி நகர்த்தி, இரண்டாயிரத்து நூற்று நாற்பது காட்டுகிற இடத்தில் நிறுத்தினேன். அதே இடத்தில் அவள் தன் மீட்டரை வைத்தாள்.

ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு.

மறுபடி வைத்தாள். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றைந்து.

"நீலத்த இது அள்ளி முழுங்குது," என்றாள். "நம்ம கண்ணுக்கு நீலம் அவ்ளோ வெளிச்சமாத் தெரியாது. நல்ல மீட்டர்ல அந்த நீலத்தக் கொறைக்கறதுக்குன்னே உள்ள ஒரு கண்ணாடி வச்சிருப்பாங்க. இதுல அத ஒழுங்கா வைக்கல. உங்க அக்கா கண்ணுல கடவுள் ஒழுங்கா வச்சிருக்காரு."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். நான்கு ட்யூப் எரிந்தபோது இது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் காட்டியது. உண்மையில் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்திருக்கும். சரியான வெளிச்சம். நான் ஏணியில் ஏறும் வரைக்கும் சரியாக இருந்தது.

இரண்டு மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் படம் எடுத்தேன்.

அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். ட்யூபைக் கழற்றியது நான் என்பதையும் சொன்னேன். அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "பாத்தியா, என் கண்ணு போகல!" என்றாள். உடனே அது அணைந்துவிட்டது.

"ஒரு ஷிப்டுக்கு நான் ரெண்டாயிரம் பாட்டிலு பாக்கறேன்," என்றாள். "ஆறு பேரு. ஜனவரி, பிப்ரவரி..." விரலை மடக்கிக்கொண்டே போய் நிறுத்தினாள். மடக்கிய விரல்களை விரிக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"எங்கெங்க போயிருக்கும்?" என்றேன்.

"எல்லா ஊருக்கும்."

வியாழக்கிழமை காலை மீட்டரை டிராயரில் வைத்துவிட்டு, தரம் பார்க்கிற பிரிவின் மேனேஜரிடம் அக்காவே போய் விஷயத்தைச் சொன்னாள். பதினோரு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. கேட்டில் சீட்டு எழுதி உள்ளே விட்டார்கள்.

மேனேஜர் பெயர் ராமலிங்கம். வழுவழுவென்று ஷேவ் செய்த முகம். சத்தம் போடுகிற ஆள் இல்லை. எனக்கும் அக்காவுக்கும் டீ வரவழைத்தார். என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி. எங்க ஆளுங்களுக்கு இது தோணல. வாங்குன அன்னைக்கு ரெண்டு மீட்டரா வாங்கி ஒண்ண ஒண்ணோட ஒத்துப் பாத்தோம். ரெண்டும் ஒரே மாதிரி காட்டுச்சு. அதோட சரின்னு விட்டுட்டாங்க."

"ரெண்டும் ஒரே பெட்டில வந்ததா சார்?" என்றேன்.

"ஒரே பெட்டில வந்ததுதான்."

ஒரே பெட்டி, ஒரே குறை. பிறகு மேஜை டிராயரை இழுத்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேலே வைத்தார். அதில் இரண்டு குப்பிகள்.

"இது நேத்து வந்தது. ரெண்டாம் மேஜை ஒண்ணு. அஞ்சாம் மேஜை ஒண்ணு."

அக்கா ஒன்றை எடுத்தாள். அவள் கை தானாகச் சுழற்றியது. அந்த அறையில் ஜன்னல் இருந்தது, நல்ல பகல் வெளிச்சம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள், "இருக்கு," என்று சொல்லி வைத்தாள்.

"அப்ப தப்பு இவங்க கண்ணுல இல்லன்னு உங்களுக்கு நேத்தே தெரியும்," என்றேன்.

"தம்பி, கொஞ்சம் யோசிங்க. ஒருத்தர் கண்ணுன்னா ஒரு மேஜை. நாலாம் மேஜைல பாத்த சரக்கத் திரும்ப வரவழைச்சு மறுபடி பாத்துடலாம். மீட்டருன்னா ஆறு மேஜை, அஞ்சு மாசம். போன சரக்கு எல்லாம் திரும்பணும். லைசென்சப் புடிச்சு வச்சுப்பாங்க. அப்புறம் இந்தக் கேட்டத் தொறக்க மாட்டாங்க. முன்னூறு பேரு."

"ஆஸ்பத்திரில இருக்கறவங்க எத்தன பேருன்னு கணக்கு இருக்கா சார்?"

அவர் ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஜனவரி மாதத் தாள். ஆறு மேஜையின் எண்கள். கீழே, 'மேஜைக்கு ஒரு ட்யூப் அகற்றப்பட்டது. அகற்றியவர்' என்று இருந்த இடத்தில் என் கையெழுத்து. இராமதாஸ். அகற்றச் சொன்னவர் என்று ஒரு இடமே அந்தத் தாளில் இல்லை.

"விசாரணன்னு வந்தா இந்தப் பேப்பரும் போகும்," என்றார். மிரட்டுகிற குரல் இல்லை. மழை வரும் என்று சொல்கிற குரல். "நான் யாரையும் கஷ்டப்படுத்த நெனைக்கல. கலைமகளம்மா, நாளைக்கு நம்ம ஆளுகிட்ட கண்ணு டெஸ்ட். பார்வை கம்மின்னு எழுதி வந்துச்சுன்னா, நான் வேலைய விட்டு எடுக்க மாட்டேன். பேக்கிங் செக்ஷன். அதே சம்பளம். கண்ணாடி கம்பெனி செலவு. நாலாம் மேஜைல வேற ஒரு டெக்னீஷியன உக்கார வச்சுக்கறேன். ட்யூபு, மீட்டரு எல்லாம் ரெண்டு மூணு மாசத்துல மெதுவா மாத்திடுவோம்."

"இன்னும் ரெண்டு மூணு மாசமா?" என்றேன்.

"டக்குன்னு மாத்துனா ஏன்னு கேப்பாங்க."

அக்கா ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்திலிருந்து எட்டி, என் கையெழுத்தை. ஒரு ஆள் குற்றவாளி ஆவதற்கு ஒரு பேனாக் கோடு போதும் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

"எத்தன மணிக்கு சார் டெஸ்ட்டு?" என்றாள்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டியதில்லை. அவள் கேட் வரைக்கும் கூட வந்தாள்.

"உன்னைக் கொண்டு போயி உள்ள வச்சா எவன் வந்து எடுப்பான்? நீ ரெண்டு நாள்ல அங்கயும் போகப் பிடிக்கலம்ப."

"வெளையாடாத."

"வெளையாடல. அந்தப் படத்த அழிச்சிடு."

அழித்தேன். அவள் பார்க்கும்படி அழித்தேன். 'முடியாது' என்று சொல்லியிருக்கலாம். எனக்குள் ஒரு ஆள் நிம்மதியாக மூச்சு விட்டான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவளை வண்டியில் அழைத்துப் போனேன். மேட்டுப்பாளையத்தில் மாடியில் ஒரு நீள அறை. கண் பார்க்கிறவருக்கு முப்பது வயது இருக்கும். கம்பெனிக் கடிதம் அவர் மேஜையில் முன்பே வந்து கிடந்தது. சுவரில் எழுத்து அட்டை. ஆறு மீட்டர் தள்ளி நாற்காலி. நான் கதவருகே நின்றேன்.

முதல் மூன்று வரியை மடமடவென்று படித்தாள். நான்காவதில் தயங்கினாள். ஐந்தாவதில், "தெரியல," என்றாள். கண்ணைச் சுருக்கக்கூட அவளுக்குத் தெரியவில்லை. பார்வை கம்மியானவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவள் பழகியதே இல்லை. சுவரைப் பார்க்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு தெரியல தெரியல என்றாள்.

அவர் ஒரு லென்ஸை எடுத்து அவளிடம் நீட்டி, "இத கண்ணுகிட்ட வச்சுப் பாருங்கம்மா," என்றார். அவள் வாங்கி விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இதுல கீறல் இருக்கு சார். ஓரமா. வேற குடுங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். தெரியவில்லை. ஜன்னலுக்குப் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அவருக்குத் தெரிந்தது. லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார், கதவருகே என்னைப் பார்த்தார், மேஜையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார்.

"வேற லென்ஸ் போடறேன்," என்றார். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எழுதும்போது தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை கண்ணாடி வந்துவிட்டது. தடித்த கறுப்பு ஃபிரேம். அன்று கம்பெனி வேனை விட்டுவிட்டு என்னோடு வண்டியில் வந்தாள். வழியெல்லாம் கண்ணாடி பைக்குள்தான் இருந்தது. கேட்டுக்கு நூறடி முன்னால் நிறுத்தச் சொன்னாள். இறங்கி அதை எடுத்து மாட்டினாள். உடனே கை வண்டியின் சீட்டைப் பிடித்தது.

"என்னா தெரியுது?" என்றேன்.

"ஒண்ணும் தெரியல. தண்ணிக்குள்ள பாக்கற மாரி இருக்கு."

"உள்ள போயிக் கழட்டிடு."

"கழட்டக் கூடாதாம். எல்லாரும் பாக்கணுமாம்."

கம்பெனி வேன் வந்து நின்று பெண்கள் இறங்கினார்கள். யாரோ ஒருத்தி, "கலை அக்கா, கண்ணாடி சூப்பரா இருக்கு, டீச்சர் மாரி!" என்று கூவினாள். அக்கா குரல் வந்த பக்கம் சிரித்தாள். முகம் கொஞ்சம் தள்ளித் திரும்பியிருந்தது. ஆறாம் மேஜைப் பெண்ணும் இரண்டாம் மேஜைப் பெண்ணும் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள், விளக்கைப் போட்டு உட்கார.

அக்கா நடந்தாள். கேட்டருகே மழைத் தண்ணீர் ஓட ஒரு சின்னப் பள்ளம் உண்டு. பதினோரு வருஷமாகத் தாண்டுகிற பள்ளம். அதன் முன்னால் நின்று ஒரு காலை நீட்டித் தரையைத் தடவிப் பார்த்தாள். கிடைத்த இடத்தில் பாதத்தை வைத்து, உள்ளே போனாள்.